பார்வை தெளிந்து மீண்டும் மங்கினால் அன்றே வாருங்கள்

வாசகர் கேள்விகள் – கண் மருத்துவர் பதில்கள்

கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தை எத்தனை நாள் விட வேண்டும் என்ற கேள்விக்குச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் பதில் எழுதியபோது, "கண்ணுக்குள் சீழ் பிடிப்பது மிக அரிது; பிடித்தால் அது அவசர நிலை" என்று ஒரே வரியில் கடந்து சென்றிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. எனவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. ஒரு திங்கட்கிழமை வலக்கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து மணி சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை "புகை மூட்டம் போல இருக்கிறது" என்றார். தொலைக்காட்சி பார்த்த அசதி என்று நினைத்துவிட்டோம். சனிக்கிழமை கண் சிவந்தது. ஞாயிறு விடுமுறை என்பதால் திங்கட்கிழமைதான் அழைத்துச் சென்றோம். அன்றே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள்; புதன்கிழமை இன்னொரு அறுவை செய்தார்கள். இரண்டு மாதம் ஆகிறது. இப்போது ஒரு மீட்டர் தூரத்தில் விரலை எண்ண மட்டுமே முடிகிறது. வெள்ளிக்கிழமையே போயிருந்தால் பார்வை தப்பியிருக்குமா? கண்ணுக்குள் ஊசி குத்துவதற்குப் பதிலாகக் கையில் டிரிப்ஸ் ஏற்றியிருக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது விளங்கினால் முதல் கேள்விக்கான பதில் தானாகவே புரியும்.

நம் கண்ணின் பின்பகுதி முழுவதும் விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ் நிரம்பியிருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் இரத்தக் குழாய் எதுவும் இல்லாததால், இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை எதிர்க்க அங்கே விரைந்து சென்று சேர முடிவதில்லை. கிருமிக்கோ, ஆய்வகத்தில் அதை வளர்க்கப் பயன்படுத்தும் ஊட்டக் கரைசலைப் போன்ற வசதியான இடமாக அந்தக் கூழ் அமைந்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்துள்ள பொருள்கள் கண்டபடி உள்ளே நுழையாதவாறு விழித்திரையின் இரத்தக் குழாய்களுக்கு ஓர் இறுக்கமான தடுப்பும் இயற்கையிலேயே உண்டு. நல்ல நாளில் நம்மைக் காக்கும் அதே தடுப்பு, நோய் வந்த நாளில் கை நரம்பு வழியாக ஏற்றும் மருந்தையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மேலே விடும் சொட்டு மருந்து முன்னறை வரை ஓரளவு செல்லும். பின்னால் இருக்கும் கூழுக்குப் போதிய அளவில் சென்று சேராது. ஆகவே மருந்தை நேராக அந்த இடத்திலேயே வைப்பதைத் தவிர நம்பத்தக்க வழி இல்லை.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் 420 நோயாளிகளை வைத்து நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுதான் இன்றுவரை இந்த நோயின் சிகிச்சைக்கு அடிப்படையாக இருக்கிறது. எல்லோருக்கும் கண்ணுக்குள் ஊசி போட்டுவிட்டு, அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் நரம்பு வழியாகவும் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். டிரிப்ஸ் ஏற்றியவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. (அன்று ஏற்றியவை செப்டாசிடைம், அமிகாசின் என்ற மருந்துகள். பிற்காலத்தில் வந்த மாக்சிஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகள் கண்ணுக்குள் ஓரளவு ஊடுருவுவதால், சில மருத்துவர்கள் துணைக்கு அவற்றையும் தருகிறார்கள். அவை ஊசிக்கு மாற்று ஆகமாட்டா.)

கண்ணுக்குள் ஊசி என்று கேட்டதும் குலை நடுங்குவது இயல்பே. செய்முறை என்னவோ சில நிமிட வேலைதான். மரத்துப்போகும் மருந்து விட்டு, போவிடோன் அயோடினால் கண்ணைத் தூய்மை செய்து, கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி வெண்விழியில் மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். முதலில் உள்ளிருந்து சில துளிகளை உறிஞ்சி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு வான்கோமைசின் 1 மில்லிகிராம், செப்டாசிடைம் 2.25 மில்லிகிராம் என இரண்டு மருந்துகளை, ஒவ்வொன்றும் 0.1 மில்லிலிட்டர் அளவில், தனித்தனி ஊசிகளில் ஏற்றுவார்கள். இரண்டையும் ஒரே குழாயில் கலந்தால் திரிந்து வெண்படிவாகிவிடும் என்பதால்தான் இந்தத் தனி ஊசி. என்ன கிருமி என்று ஆய்வகம் சொல்ல ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதுவரை பொறுத்திருக்க முடியாது. இரு பெரும் பிரிவுக் கிருமிகளையும் சேர்த்து அடிக்கவே இரண்டு மருந்து. 48 மணி நேரம் கழித்தும் தேறுதல் இல்லையென்றால் மறுபடி ஊசி போட வேண்டிவரலாம். உங்கள் தாயாருக்குத் திங்களன்று ஊசியும் புதனன்று அறுவையும் செய்தது அந்தக் கணக்கின்படிதான் என்று தோன்றுகிறது.

இனி, வெள்ளிக்கிழமையே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி மூன்று இரவுகள் கடந்தது சிறிய செய்தி அன்று. அந்த மாலையே வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடியிருக்கும் என்பதை உங்களிடம் மறைப்பது சரியாகாது. முடிவைத் தீர்மானிப்பது நேரம் மட்டுமே இல்லை என்பதையும் அதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் இமையோரத் தோலில் எப்போதும் குடியிருக்கும் வீரியம் குறைந்த ஸ்டஃபைலோகாக்கஸ் வகை உள்ளே போயிருந்தால் பெரும்பாலான கண்கள் தேறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்றவை புகுந்தால், முதல் நாளே வந்தும் விழித்திரை வெந்துபோன கண்களை நான் பார்த்திருக்கிறேன். அவை கக்கும் நச்சு, கிருமி செத்த பிறகும் வேலை செய்கிறது. உங்கள் தாயாருக்கு ஆய்வக அறிக்கை என்ன சொன்னது என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன ஆய்வில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், நல்ல பார்வையை மீண்டும் பெற்றார்கள். 5 விழுக்காட்டினர் வெளிச்சம் கூடத் தெரியாத நிலைக்குப் போனார்கள். இரண்டு மாதம் ஆகியும் உங்கள் தாயாரின் கண்ணில் எஞ்சிய கலங்கலோ, லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வின் தடிப்போ, விழித்திரை வீக்கமோ இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. விழித்திரை மருத்துவரிடம் ஓ.சி.டி. ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளைப் படமாகக் காட்டும் சோதனை) எடுத்துப் பார்த்த பிறகே இனி முன்னேற்றம் இருக்குமா என்று சொல்ல இயலும்.

வீட்டில் யார் தொலைக்காட்சி பார்க்க விட்டது, யார் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னது என்ற பேச்சை நிறுத்திவிடுங்கள். அறுவை முடித்து அனுப்பும்போது, "விடுமுறை நாளானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று சீட்டில் எழுதித் தந்திருக்க வேண்டியது எங்கள் தரப்பின் கடமை.

கேள்வி: எனக்கு அறுவை முடிந்து ஆறு நாள் ஆகிறது. கண் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருக்கிறது, மணல் விழுந்தது போல உறுத்துகிறது, வலி இல்லை. எது சாதாரணம், எது ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: ஐயா, முதல் சில நாள்களில் லேசான சிவப்பு, உறுத்தல், வெளிச்சத்தில் கூச்சம், கண்ணீர் ஆகியவை பெரும்பாலோருக்கு உண்டு. அவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. குறைந்து வந்தது திரும்பக் கூடினால், குறிப்பாகத் தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், வேறு அறிகுறி எதற்கும் காத்திராமல் புறப்பட வேண்டும்.

வலி இல்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். உள்ளே நோய்த்தொற்று உறுதியான நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு வலியே இருந்ததில்லை என்று நான் மேலே சொன்ன ஆய்வே பதிவு செய்திருக்கிறது; பார்வை மங்கலோ ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. "வலிக்கவில்லையே" என்ற ஒரு சொல்லால் இழந்த கண்கள் பல.

அறுவை செய்த கண்ணை நாள்தோறும் சோதிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கும். காலையில் சொட்டு மருந்து விடுவதற்கு முன் அதே நாற்காலியில், அதே தூரத்தில் உட்கார்ந்து, அறுவை செய்யாத கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு பாருங்கள். தேதி தெரிகிறதா, கிழமை தெரிகிறதா, அதற்குக் கீழே உள்ள நல்ல நேரம் எழுத்து தெரிகிறதா? நேற்றுக் கிழமையைப் படித்தவர் இன்று தேதியைக்கூடத் தடுமாறிப் படித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தால், நல்ல கண் அந்தக் குறையை மறைத்துவிடும். இப்படி மறைந்துபோய், ஒரு வாரம் கழித்துத் தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கியபோது கண்டுபிடித்து வந்தவர்கள் உண்டு.

இன்னும் சில அறிகுறிகளும் உண்டு: இமை வீங்குதல், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளுதல், கருவிழிக்குப் பின்னால் பிறை போல வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பது. கடைசியாகச் சொன்னதைச் சில நேரம் வீட்டில் உள்ளவர்களே கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தால் காண முடியும். இவை பெரும்பாலும் அறுவை முடிந்து இரண்டாம் நாளுக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் வரும். ஆறு வாரம் வரை எச்சரிக்கை தேவை.

அறுவை முடிந்த மறுநாளே கருவிழி முழுவதும் ஓரம் முதல் ஓரம் வரை வெளுத்து வீங்கி, ஆனால் அதிக வலி இல்லாமல் இருந்தால், அது கிருமியால் வந்ததாக இல்லாமல், அறுவையின்போது உள்ளே சென்ற ஏதேனும் ஒரு பொருளின் நச்சு விளைவாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தே போதும். இரண்டையும் பிரித்தறிவது ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்க்கும் மருத்துவருடைய வேலை. பல நேரம் எங்களுக்கே அது கடினம். ஐயம் இருந்தால் நாங்கள் நோய்த்தொற்று என்று கருதியே சிகிச்சை தொடங்குகிறோம். நோயாளி அதை வீட்டில் இருந்து தீர்மானிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பார்வை குறையவில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இது போன்ற கேள்வியை அஞ்சலில் அனுப்பக் கூடாது.

கேள்வி: இரவில் இப்படி ஆனால் எங்கே போவது?
– ஒரு வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: அறுவை செய்த மருத்துவமனையை முதலில் அழையுங்கள், அங்கே பதில் கிடைக்காவிட்டால் அந்த இரவை வீணாக்காதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும். கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போனாலும், கண்ணுக்குள் ஊசி போடும் வசதி உள்ள இடத்துக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். அறுவைச் சீட்டு, லென்ஸ் ஒட்டுச்சீட்டு, இப்போது விடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும் மறக்க வேண்டாம். மருந்துக் கடையில் நின்று "கண் சிவந்திருக்கிறது, ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்பது இந்த நிலையில் செய்யக் கூடாத காரியம்.

கேள்வி: என் கணவருக்கு நோய்த்தொற்று வந்து, "விட்ரெக்டமி செய்ய வேண்டும், தேவைப்பட்டால் ஆயில் வைப்போம்" என்கிறார்கள். ஊசி மட்டும் போட்டு விடக் கூடாதா? வைத்த லென்ஸை எடுத்துவிடுவார்களா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: விட்ரெக்டமி என்பது சீழ் கலந்த அந்தக் கூழைச் சிறு துளைகள் வழியாக நுண்கருவியால் வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தெளிந்த திரவத்தை நிரப்பும் அறுவை. கிருமியின் சுமையும் நச்சும் ஒரே நேரத்தில் குறைகின்றன, மருந்து உள்ளே பரவுவதும் எளிதாகிறது.

எப்போது இது தேவை என்பதற்கு 1995-ஆம் ஆண்டின் அந்த ஆய்வு ஒரு தெளிவான அளவுகோலைத் தந்தது. கண்ணெதிரே அசையும் கையைக் காணும் அளவுக்காவது பார்வை இருந்தால், ஊசியும் விட்ரெக்டமியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலைக்குப் போனவர்களில், உடனே விட்ரெக்டமி செய்துகொண்டவர்கள் நல்ல பார்வை பெற்ற விகிதம் ஊசி மட்டும் போட்டவர்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. அந்த ஆய்வு நடந்த காலத்துக் கருவிகள் பெரியவை. இப்போது கருவிகள் மெல்லியவை ஆகிவிட்டதால், அந்த அளவுகோலுக்குச் சற்று முன்னதாகவே அறுவைக்குப் போகும் மருத்துவர்கள் பலர். நம் நாட்டில் சூடோமோனாஸ் போன்ற கொடிய கிருமிகளும் பூஞ்சையும் மேலைநாடுகளைவிட அதிகமாகக் காணப்படுவதும் அவர்களுடைய முடிவுக்கு ஒரு காரணம். உங்கள் கணவருக்கு என்ன பார்வை இருந்தது என்று தெரியாமல் நான் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத முடியாது, "இப்போது அவருக்குக் கையசைவு தெரிகிறதா, வெளிச்சம் மட்டும்தானா? பி-ஸ்கேனில் (ஒலி அலையால் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் சோதனையில்) என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அந்த இரண்டு பதிலிலேயே அவர்கள் ஏன் அறுவை சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும். கேட்பதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயில் என்பது சிலிக்கான் எண்ணெய். விழித்திரை கிழிந்திருந்தாலோ, சீழால் நைந்து பிரியும் நிலையில் இருந்தாலோ அதை இடத்தில் நிறுத்தி வைக்க நிரப்புவார்கள்; சில மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள். அது உள்ளே இருக்கும்வரை பார்வை எண்ணெய்ப் பாத்திரத்தின் வழியே பார்ப்பது போலத்தான் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். லென்ஸைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். பூஞ்சைத் தொற்று, அடிக்கடி திரும்ப வரும் தொற்று ஆகியவற்றில்தான் லென்ஸையும் அதைத் தாங்கும் உறையையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: மூன்றாம் நாள் வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டதால்தான் கண்ணில் சீழ் வைத்தது என்கிறார் மாமியார். தலைக்குக் குளித்ததும் காரணமாம். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினால் சூடு தணியும் என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: மீன் குழம்புக்கும் கண்ணில் சீழ் பிடிப்பதற்கும் தொடர்பு இல்லை. கத்தரிக்காய், கருவாடு, மாம்பழம் என்று நீளும் பத்தியப் பட்டியலில் எதற்கும் தொடர்பு இல்லை. புண் ஆற நல்ல புரதச் சத்து வேண்டும் என்பதால் மீன் நல்லதுதான்.

தலைக்குக் குளிப்பதில் மட்டும் உங்கள் மாமியார் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. தலையில் ஊற்றும் தண்ணீர் வழிந்து கண்ணில் போகக் கூடாது. அறுவைக் கீறல் நன்றாக மூடும் வரை கிணற்று நீரோ குளத்து நீரோ குழாய் நீரோ எதுவும் கண்ணில் படக் கூடாது. கழுத்துக்குக் கீழே தாராளமாகக் குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

நந்தியாவட்டை வேண்டவே வேண்டாம். நல்ல கண்ணில் குளிர்ச்சிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, அது வேறு. அறுவை செய்த கண்ணின் மேல் தோட்டத்துப் பூவையும் அதில் ஒட்டியுள்ள மண்ணையும் பூஞ்சையையும் கட்டி வைப்பது ஆபத்து. தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் ஆகியவற்றுக்கும் இதுவே பதில்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து முகாம் வண்டியில் போன பலரில் ஐந்து பேருக்கு ஒரே வாரத்தில் கண் கெட்டது. "உங்கள் சுத்தக் குறைவுதான்" என்கிறார்கள் மருத்துவமனையில். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அழுக்குக் கையால் கண்ணைத் தொட்டிருப்போமா?
– ஒரு வாசகர், பண்ருட்டி அருகே ஒரு கிராமம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோரில் எப்போதோ ஒருவருக்கு வரும்போது, பெரும்பாலும் அது அவருடைய இமையோரத்துக் கிருமிகளாலேயே வருகிறது. ஒரே நாளில், ஒரே அறுவை அரங்கில் செய்துகொண்ட பலருக்குச் சேர்ந்து வந்தால், பொதுவான ஒரு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். கண்ணுக்குள் ஓடவிட்டுக் கழுவும் திரவம், கண்ணுக்குள் இடும் பசை போன்ற ஜெல், புரையின் உறையைக் காட்ட உதவும் நீலச் சாயம், கருவிகளை அவிக்கும் ஆட்டோகிளேவ், புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ கருவியின் குழாய் என ஒவ்வொன்றிலிருந்தும் கிருமி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஈரத்தில் தழைக்கும் சூடோமோனாஸ்தான் இவற்றில் அடிக்கடி பிடிபடும் குற்றவாளி.

2008-இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து முகாம் வழியாக வேறு ஊருக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்ததை நம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது போன்ற ஒன்று நேர்ந்தால் பொறுப்புள்ள நிலையம் செய்ய வேண்டியது இது: அறுவை அரங்கை அன்றே மூட வேண்டும், அன்று அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும், கண் நன்றாக இருப்பவரையும்கூட, தேடி அழைத்துப் பார்க்க வேண்டும், பயன்படுத்திய திரவங்களின் மீதியைத் தொகுதி எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறாவதாக ஒருவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதால், இதில் நோயாளிகளைத் தேடிப் பிடிப்பதுதான் மிக அவசரம். உங்கள் ஊரிலிருந்து போன மற்ற எல்லோரையும் நீங்களே இன்று போய்ப் பார்த்து, காலண்டர் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தவறு யாருடையது என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வக முடிவு எதுவும் வராமலே நோயாளியைக் குறை சொல்வது மருத்துவம் ஆகாது.

கேள்வி: எனக்கு 14 ஆண்டாகச் சர்க்கரை நோய். ஒரு கண்ணில் அறுவை நன்றாக முடிந்தது. உறவினர் ஒருவருக்குச் சீழ் பிடித்ததைப் பார்த்த பிறகு இரண்டாவது கண்ணுக்குப் பயமாக இருக்கிறது. தவிர்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தவிர்க்க வேண்டாம். முற்றிய புரை தானே பார்வையைக் கெடுக்கும். சிலருக்குக் கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். நோய்த்தொற்றின் விகிதம் எவ்வளவு குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் செய்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. அறுவை முடியும் தறுவாயில் கண்ணின் முன்னறையில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைச் சிறிதளவு செலுத்தாதவர்களில் பத்தாயிரம் பேருக்கு 7 பேர் என்றிருந்த தொற்று, செலுத்தியவர்களில் பத்தாயிரத்துக்கு 2 பேராகக் குறைந்திருந்தது. இதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 2007-இல், ஐரோப்பிய நாடுகளில் 16,000 பேரில் ஒரு பாதிக்குச் செஃபுராக்சிம் மருந்தை இதே முறையில் செலுத்திப் பார்த்து ஏறத்தாழ ஐந்து மடங்கு குறைவைக் கண்டிருந்தார்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் நிறுவனம் அந்தப் பெரிய கேள்விக்கு இத்தனை பெரிய எண்ணிக்கையில் விடை தந்ததில், நம் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கொரு பெருமை உண்டு.

உங்கள் மருத்துவரிடம், "அறுவை முடிவில் உள்ளே ஆன்டிபயாடிக் வைப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அதற்கு முன், அறுவை தொடங்கும்போது 5 விழுக்காடு போவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் காத்திருப்பது எல்லாவற்றிலும் முதன்மையான பாதுகாப்பு. அந்தப் பழுப்பு நிறத் திரவம் எரிச்சல் தருவதால் பலர் குறை சொல்கிறார்கள். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, அறுவைக்கு முன் கட்டுக்குள் கொண்டுவர ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போட்டால் நட்டமில்லை. காலில் ஆறாத புண், பல்லில் சீழ், சிறுநீரில் தொற்று எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லி முதலில் ஆற்றிக்கொள்ளுங்கள். கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில் விரலால் அழுத்தும்போது பீளையோ சீழோ வெளிப்பட்டால் கண்ணீர்ப் பையில் அடைப்பும் தொற்றும் இருக்கின்றன என்று பொருள்; அதைச் சரி செய்யாமல் எந்த மருத்துவரும் புரை அறுவையைத் தொடக் கூடாது. அறுவைக்கு முன்னால் மூக்கோரத்தில் தண்ணீர் ஏற்றிப் பார்ப்பது இதற்காகத்தான்.

கேள்வி: அறுவை முடிந்து ஐந்து மாதம் கழித்து என் தந்தைக்கு அடிக்கடி கண் சிவக்கிறது. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சரியாகிறது; நிறுத்தினால் திரும்புகிறது. இதுவும் தொற்றாக இருக்குமா?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: இருக்கலாம். லென்ஸ் உறைக்குள் பதுங்கிக்கொண்டு மெதுவாக வளரும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ் என்ற கிருமி மாதக் கணக்கில் கழித்து இப்படித்தான் தலைகாட்டும். உறையில் வெள்ளைத் திட்டு தெரியலாம். பூஞ்சையும் இப்படி வரலாம், அப்போது ஸ்டீராய்டு தீயில் வார்த்த எண்ணெய் ஆகிவிடும். எனவே சொட்டு மருந்தைத் தாமே தொடராமல், கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கும், தேவையானால் உள்நீரை எடுத்து ஆய்வதற்கும் விழித்திரை மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். மாதிரியை நீண்ட நாள் வைத்து வளர்த்துப் பார்க்கும்படி ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி வளர இரண்டு வாரம் வரை பிடிக்கும்.

கேள்வி: எனக்கு மீதமான சொட்டு மருந்து இரண்டு புட்டி இருக்கிறது. அடுத்த மாதம் அறுவை செய்துகொள்ளப் போகும் என் மனைவிக்கு அதையே விடலாமா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: விடக் கூடாது. திறந்த புட்டியை ஒரு மாதத்துக்குப் பின் குப்பையில் போட்டுவிடுங்கள்; அதன் முனை உங்கள் இமையைத் தொட்டிருந்தால் அதில் உங்கள் கிருமி இருக்கும். உங்கள் மனைவிக்குப் புதிய புட்டியை வாங்கி, திறந்த தேதியை அதன் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.